குரங்கணிக் காட்டுத்தீ: தீ அணைந்த பின்னும் தொடரும் காயமும் சட்ட நடைமுறையும்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைப்பகுதியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் பிற்பகலில் காட்டுத்தீயின் நடுவே சிக்கினர். சென்னையிலிருந்து வந்த குழு ஒன்று. ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்தது மற்றொன்று. இரண்டிலுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். இளவயதினரே மிகுதி, அவர்களுள் பெண்கள் பலர். மலைவாழ் மக்களும் உள்ளூர் இளைஞர்களும் முதலில் ஏறிச் சென்று, போர்வையிலும் கம்பிலும் கட்டிய தொட்டில்களில் காயமுற்றோரைச் சுமந்து இறக்கினர். இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பின்னர் வந்து சேர்ந்தன.

மறுநாள் அறிவிக்கப்பட்ட உயிரிழப்பு 9. அடுத்த சில வாரங்களில் அது 23 ஆக உயர்ந்தது. அதாவது, இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையில் இறக்கவில்லை. மீட்கப்பட்டு, மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த நாட்களில் இறந்தனர். தீக்காயப் பிரிவில் பணியாற்றும் எவரும் உறவினர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நன்றாகப் பேசிக்கொண்டுதானே வந்தார், பிறகு எப்படி?" அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இப்பக்கத்தின் முதல் நோக்கம். காயமுற்றவர் மருத்துவமனைக்குள் நுழையும் வேளையிலேயே தொடங்கிவிடும் சட்ட நடைமுறைகளைப் பற்றியும் இங்கே அறிந்துகொள்வீர்கள். சிகிச்சை, சட்டம் இரண்டிலும் முதல் சில மணி நேரத்தில் பதிவாகும் விவரங்களே பின்னாளில் பெரிதும் துணை நிற்கின்றன.

தீ அவ்வளவு விரைவாகப் பரவியது ஏன்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் புல் முற்றிலும் காய்ந்துவிடும். குரங்கணிப் பகுதியில் ஆளுயரத்திற்கு வளரும் எலுமிச்சைப்புல் மிகுதி. அப்புல்லில் எளிதில் ஆவியாகி எரியும் எண்ணெய் உண்டு. தீ மேல்நோக்கி ஏறும்போது, அதன் வெப்பம் முன்னே உள்ள புல்லை உலர்த்திக்கொண்டே செல்கிறது. சரிவு 10 பாகை கூடினால் தீ நகரும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. அதனுடன் பிற்பகல் காற்றும் சேர்ந்தால், செங்குத்தான சரிவில் மனிதர் ஓடி அதை முந்துவது அரிது. கீழிருந்து தீ வரும்போது மேல்நோக்கி ஓடுவதே நம் இயல்பு. அந்த இயல்பே அங்கு உயிருக்கு உலையாகிறது. பாறையின் மறைவும், புல்லற்ற வெற்றுத் தரையும், ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலமுமே ஓரளவு காப்பளிப்பவை. புகையில் வழி தெரியாமல் பள்ளத்தில் விழுபவருக்கு எலும்பு முறிவும் நேரிடும். எனவே காட்டுத்தீயில் சிக்கியவரைக் கொண்டுவரும்போது முதுகெலும்பு, கால், இடுப்பு ஆகியவற்றில் அடிபட்டிருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

நம் நாட்டுக் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் செயலால் தொடங்குகிறது. மேய்ச்சலுக்குப் புதுப்புல் முளைக்க வேண்டுமென்று பழைய புல்லைக் கொளுத்துவது, தோட்டத்தை ஒட்டிய சருகை எரிப்பது, அணைக்காத பீடித் துண்டு, சமைத்துவிட்டு விட்டுச்சென்ற அடுப்பு என்று காரணங்கள் சிறியவை. மின்னலால் பற்றும் தீ மிகக் குறைவு. காப்புக்காட்டில் தீ வைப்பதும் அனுமதியின்றி நுழைவதும் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றங்கள்.

உடலில் நிகழ்வது என்ன?

தோல் வெறும் போர்வை அன்று. உடலின் நீரை உள்ளே காப்பதும், கிருமியை வெளியே தடுப்பதும், வெப்பத்தைச் சமன்செய்வதும் அதன் பணிகள். தோல் பெருமளவில் எரிந்தால் இம்மூன்றும் ஒருசேரக் குலைகின்றன.

காயத்தின் ஆழத்தையும் பரப்பையும் மருத்துவர் தனித்தனியே கணக்கிடுவர். மேல்தோல் மட்டும் எரிந்தால் சிவந்து எரிச்சல் தரும். உள்தோல் வரை சென்றால் கொப்புளமும் கடும் வலியும் இருக்கும். தோல் முழு ஆழமும் எரிந்துவிட்டால், வலியை உணர்த்தும் நரம்பு முனைகளும் அழிந்துவிடுவதால் அவ்விடத்தில் வலியே தெரியாது. வெளுத்தோ, பழுப்பாகவோ, பதனிட்ட தோல்போல விறைத்தோ காணப்படும். ஆகவே "வலியில்லை என்கிறார், சிறிய காயமாகத்தான் இருக்கும்" என்று எண்ணிவிடாதீர்கள். நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை ஆடைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்வதால் காயத்தின் ஆழம் கூடுகிறது. மலையேற்றத்திற்கென விற்கப்படும் மெல்லிய ஆடைகள் பலவும் இவ்வகையினவே என்பது கவலைக்குரியது.

பரப்பைக் கணக்கிட ஒன்பதின் விதி கையாளப்படுகிறது. பெரியவருக்குத் தலையும் கழுத்தும் 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, மார்பும் வயிறும் சேர்ந்த முன்பகுதி 18, முதுகுப்பகுதி 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. சிறு காயங்களுக்கு, நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையை ஒரு சதவீதமாகக் கொள்ளலாம். மருத்துவர் "நாற்பது சதவீதம்" என்று கூறினால், உடலின் தோல் பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு எரிந்துள்ளது என்பது பொருள்; பிழைக்கும் வாய்ப்பு அறுபது சதவீதம் என்பது பொருளன்று. இந்தக் குழப்பம் எங்கள் வார்டில் ஓயாது எழுவது. பிழைக்கும் வாய்ப்பை மதிப்பிட, நோயாளியின் வயதையும் எரிந்த சதவீதத்தையும் கூட்டி, சுவாசப் பாதையிலும் காயமிருந்தால் மேலும் 17 சேர்த்துப் பார்க்கும் கணக்கு ஒன்று உள்ளது. கூட்டுத்தொகை நூறை நெருங்க நெருங்க ஆபத்து மிகும். இக்கணக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. அதைக் கடந்து பிழைத்தோரும் உண்டு. அதற்குக் கீழிருந்தும் இறந்தோர் உண்டு.

புகையின் தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. சூடான காற்றையும் கரிப்புகையையும் உள்ளிழுத்தவருக்குத் தொண்டை மெல்ல மெல்ல வீங்கும். குரல் கரகரப்பு, மூக்கு மயிர் கருகியிருத்தல், சளியில் கரி, முகத்தில் தீக்காயம் ஆகியவற்றுள் எது இருப்பினும் உடனே கூறுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கு மருத்துவர் சுவாசக்குழாய் பொருத்த முனைவதைக் கண்டு உறவினர் அஞ்சுவதும், சிலர் மறுப்பதும் உண்டு. வீக்கம் முற்றியபின் குழாயைச் செலுத்துவது கடினம் என்பதாலேயே முன்கூட்டிச் செய்கிறோம். கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் பிணைந்துகொள்கிறது. விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த வேறுபாட்டை அறியாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தாலும் அது 98, 99 என்றே காட்டக்கூடும். ஆகவே திரையில் எண் நன்றாக இருக்கிறதே என்று ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிடாதீர்கள்.

மருத்துவமனை தொலைவில் இருக்கும்போது

முதலில் தீயிலிருந்து அப்புறப்படுத்துங்கள். கனன்றுகொண்டிருக்கும் ஆடையை அகற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்கக் கூடாது. ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் காயத்தின்மேல் விடுங்கள். காயம் ஏற்பட்டு மூன்று மணி நேரத்திற்குள் இதைச் செய்தாலும் பயன் உண்டு. பனிக்கட்டி வேண்டாம். காயம் பெரிதாக இருந்தாலும், குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தாலும் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். காயத்தைக் குளிர்வித்து, மற்ற பகுதிகளைப் போர்த்திவையுங்கள். பிறகு தூய்மையான துணியால் தளர்வாக மூடுங்கள். பற்பசை, பேனா மை, முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள், மாவு எதையும் பூச வேண்டாம். அவை கிருமியைக் கொணர்வதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் கண்டறியவும் இடையூறாகின்றன.

மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிடுங்கள். சில மணி நேரத்தில் உடல் வீங்கும்போது இவை இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். தாலியைக் கழற்றத் தயங்குவோர் உண்டு, அத்தயக்கம் புரிகிறது. அதைக் கழற்றி உறவினர் கையில் பத்திரமாகக் கொடுத்துவிடலாம்; கழுத்து வீங்கியபின் வெட்டி எடுக்க நேர்வதைவிட அது மேல்.

நினைவுடன் இருந்து விழுங்க முடிபவராயின், மருத்துவமனைக்குச் செல்ல நெடுநேரம் ஆகும் இடத்தில், உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகத் தரலாம். 108 எண்ணை அழைக்கும்போது எத்தனை பேர், எந்த வழியாக வாகனம் வர இயலும் என்பவற்றை முதலில் கூறுங்கள்.

எல்லாவற்றையும்விட மேலாக ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: தீக்காயம் ஏற்பட்ட நேரம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 24 மணி நேரத்திற்கான சிரைவழித் திரவத்தின் அளவு, உடல் எடையையும் எரிந்த சதவீதத்தையும் பெருக்கி, மேலும் நான்கால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் எரிந்திருந்தால் 9,600 மில்லிலிட்டர், ஏறத்தாழ பத்து லிட்டர். இதில் பாதி முதல் எட்டு மணி நேரத்திற்குள் செல்ல வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தீக்காயம் ஏற்பட்ட கணத்திலிருந்து எண்ணப்படுகிறது, மருத்துவமனையை அடைந்த நேரத்திலிருந்து அன்று. பிற்பகல் 4 மணிக்குக் காயமுற்று, இருளில் மலையிறங்கி, இரவு 10 மணிக்கு வந்து சேருபவருக்கு ஆறு மணி நேரம் கழிந்துவிட்டது. குரங்கணி போன்ற இடத்தில் பாதையின்மையும் இருளும் சிகிச்சையின் பொன்னான நேரத்தையே எடுத்துக்கொள்கின்றன. திரவம் போதுமான அளவு செல்கிறதா என்பதைச் சிறுநீரின் அளவைக் கொண்டு அறிகிறோம். பெரியவருக்கு மணிக்கு 30 முதல் 50 மில்லிலிட்டர் வர வேண்டும். சிறுநீர்ப் பை நெடுநேரம் நிரம்பாமல் இருந்தாலோ, சிறுநீர் கரும்பழுப்பாக வந்தாலோ செவிலியரிடம் தெரிவியுங்கள்.

இரண்டாம் நாள் முகம் முழுதும் வீங்கி, கண்ணைத் திறக்க இயலாமற்போகும். அதைக் கண்டு பார்வை போய்விட்டதென்று அஞ்ச வேண்டாம்; இரண்டு மூன்று நாட்களில் வீக்கம் பெரும்பாலும் வடியும். கை அல்லது காலைச் சுற்றி வளையமாக ஆழ்ந்த தீக்காயம் இருந்தால், விறைத்த தோலைக் கீறிவிட நேரும். காண்பதற்குக் கொடியதாகத் தோன்றினும், அந்த உறுப்பைக் காப்பதற்கே அது செய்யப்படுகிறது.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்

முதற்கேள்விக்கான விடை இங்கே உள்ளது. முதல் நாள்களில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவை நீரிழப்பும் சுவாசத் தடையும். அவற்றைக் கடந்தவருக்கு அடுத்த ஆபத்து கிருமித்தொற்று. தோலில்லாத பரப்பு வழியே நுழையும் கிருமி இரத்தத்தில் பரவி, சிறுநீரகம், நுரையீரல், இதயம் என ஒவ்வோர் உறுப்பையும் தளர்த்துகிறது. இந்நிலையைச் செப்சிஸ் என்கிறோம். முதல் வாரம் பேசி, உணவருந்தி, உறவினரை அடையாளம் கண்டவர் பத்தாம் நாளிலோ இருபதாம் நாளிலோ இறக்க நேர்வது இதனால்தான். அதில் எவருடைய சிகிச்சையும் திடீரெனத் தவறிவிட்டது என்று கொள்வது பெரும்பாலும் சரியன்று. எரிந்த பரப்பு மிகப் பெரிதாயிருக்கும்போது, ஒட்டுவதற்கு நோயாளியின் உடலிலேயே நல்ல தோல் போதாமற்போகிறது. காயம் மூடப்படாத ஒவ்வொரு நாளும் கிருமிக்கு வாய்ப்பாகிறது.

இக்கட்டத்தில் உடனிருப்போர் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே செல்லுங்கள். சோப்பால் கை கழுவாமல் தொடாதீர்கள். பூ, பழக்கூடை, வீட்டுப் போர்வை, தலையணை எதையும் தீக்காய வார்டுக்குள் கொண்டுவராதீர்கள். பார்வையாளரைத் தடுக்கும் காவலாளியிடம் சினம் கொள்ள வேண்டாம்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். புண் உள்ளவருக்கு முட்டை, மீன், பருப்பு, கத்தரிக்காய் ஆகாது, சீழ் பிடிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியுள்ளது. தீக்காயத்தில் இப்பத்தியம் நேரடியாகத் தீங்கு செய்யும். உடல் தன் தசையையே எரித்துப் புதுத்தோலை ஆக்க முயலும் காலம் அது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவே உள்ளது என்பதை நினைத்தால் தேவையின் அளவு புலப்படும். முட்டை, பால், தயிர், மீன், கோழி, பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை என உண்ணக்கூடிய அனைத்தையும் சிறுசிறு வேளைகளாகத் தாருங்கள். சிறுநீரகப் பாதிப்போ நீரிழிவோ உள்ளவருக்கு அளவை மருத்துவர் கூறுவார். கஞ்சியும் இளநீரும் மட்டும் கொடுத்து நோயாளியை மெலியவிடும் அன்பு வேண்டாம்.

மருத்துவமனையில் தொடங்கும் சட்ட நடைமுறை

தீக்காயத்துடன் வருபவரின் விவரம் விபத்துப் பதிவேட்டில் பதியப்பட்டு, காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்பப்படும். இது எல்லா மருத்துவமனைகளிலும் பின்பற்றப்படும் நடைமுறை. உங்கள்மீது ஐயம் கொண்டு செய்யப்படுவதன்று. எங்கே, எப்போது, எவ்வாறு நேர்ந்தது, யார் அழைத்துவந்தார் என்பனவற்றைத் தெரிந்தவாறே கூறுங்கள். அனுமதியின்றிக் காட்டுக்குச் சென்றதை மறைக்க எண்ணி, "வீட்டில் அடுப்பு வெடித்தது" என்று பதியச்செய்வோர் உண்டு. அவ்வொரு வரி பிறகு இழப்பீடு கோரும்போது உங்களுக்கே எதிராக நிற்கும். பதிவேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காயச் சான்றிதழ் காவல் துறை கோரும்போது இதைக் கொண்டே வழங்கப்படும். ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும்போது தரப்படும் பரிந்துரைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

நிலைமை கவலைக்கிடமாக இருப்பின், நீதித்துறை நடுவர் வந்து நோயாளியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்வார். நோயாளி தெளிந்த மனநிலையில் உள்ளார் என மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அவ்வேளையில் உறவினர் வெளியே இருக்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் அது மரண வாக்குமூலமாகக் கொள்ளப்படும். பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் பிரிவு 26 அதற்கு இடமளிக்கிறது. பிழைத்துவிட்டால், அவரே நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்கலாம். நடுவர் வருகிறார் என்பதற்கு மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்பது பொருளன்று. சிகிச்சை அதற்காக நிறுத்தப்படுவதில்லை.

மூன்று வாரம் சிகிச்சை பெற்று இறந்தவருக்கும் பிரேதப் பரிசோதனை உண்டா என்று உறவினர் கலங்குகின்றனர். உண்டு. இறப்புக்கும் அன்றைய தீக்கும் உள்ள தொடர்பைச் சட்டத்தின்முன் நிறுவுவது அந்த அறிக்கையே. அதை மறுத்து உடலைக் கொண்டுசென்றுவிட்டால், நிவாரணமும் காப்பீடும் வழக்கும் தடுமாறும். உடல் அடையாளம் காண இயலாதவாறு கருகியிருந்தால், நெருங்கிய இரத்த உறவினரிடமிருந்து மாதிரி எடுத்து மரபணுச் சோதனை செய்யப்படும். அது முடியும்வரை உடலை ஒப்படைக்க இயலாது. காத்திருப்பது கொடிது என்பதை அறிவோம். ஒரு குடும்பத்தின் உடல் மற்றொரு குடும்பத்திற்குச் சென்றுவிடுவது அதனினும் கொடிது.

குரங்கணி நிகழ்வில் காவல் துறை வழக்குப் பதிந்து, மலையேற்றத்தை ஏற்பாடு செய்தோரையும் வழிகாட்டிகளையும் விசாரித்தது. வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ரா விசாரணை அலுவலராக நியமிக்கப்பட்டார். உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா 4 லட்சம் ரூபாய் அரசு நிவாரணமாக அறிவித்தது. காயமுற்றோருக்கும் நிதி அறிவிக்கப்பட்டது. விசாரணையின் மையத்தில் இருந்த கேள்வி, அக்குழுக்கள் சென்ற பாதைக்கு உரிய அனுமதி இருந்ததா, தீப்பருவத்தில் அவர்களை மலைக்குள் விட்டது யார் என்பதே. தீ வைத்தவர் யார் என்பதைக் காட்டிலும், தீ எரியக்கூடிய காலத்தில் மனிதரை அங்கே அனுப்பியது யார் என்பதைச் சட்டம் கூர்ந்து நோக்கியது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. காய்ந்த புல்லை நாம் மாற்ற இயலாது; நுழைவை ஒழுங்குசெய்ய இயலும்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 304அ-வின்கீழ் இரண்டாண்டு வரை சிறைக்குரியதாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1) அதை ஐந்தாண்டு வரை உயர்த்தியுள்ளது. குற்ற வழக்கு ஒரு வழி; இழப்பீடு கோருவது வேறொரு வழி. கட்டணம் பெற்று அழைத்துச்சென்றவரின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். பணம் செலுத்திய சான்றையும் குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.

வழக்கறிஞருக்கு வசதியில்லை என்று விட்டுவிட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் பிரிவு 12, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவியை உறுதி செய்கிறது. பெரும் பேரழிவில் பாதிக்கப்பட்டோரையும் அது சேர்த்துள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வீடு திரும்பிய பின்

வலி குறைவாக இருக்கும் நிலையிலேயே உடல் மடங்கிக் கிடக்க விரும்பும். அந்நிலையிலேயே தழும்பு இறுகிவிடும். கழுத்தில் காயமிருந்தால் தலையணை வேண்டாம். அக்குளில் காயமிருந்தால் கையை உடலிலிருந்து விலக்கியே வையுங்கள். முழங்கை, முழங்கால், விரல்களுக்குத் தரப்படும் தாங்குபட்டையை நோயாளி வெறுப்பார், இரக்கப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள். அழுத்த ஆடையைக் குளிக்கும் நேரம் நீங்கலாக நாள் முழுதும், தழும்பு முதிர்ந்து வெளிறும் வரை அணிய வேண்டும். பெரும்பாலோருக்கு இது ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அரிப்பு கடுமையாக இருக்கும். தேங்காய் எண்ணெய் போன்ற ஈரங்காக்கும் பூச்சு உதவும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் குறித்து ஒரு விளக்கம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் திராவகத் தாக்குதலுக்கு உள்ளானோரைப் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது. ஏனைய தீக்காயங்கள் அவ்வாறு தனியே குறிக்கப்படவில்லை. மூட்டு எவ்வளவு அசைகிறது, கை எவ்வளவு பயன்படுகிறது என்பதைக் கொண்டு இயக்கக் குறைபாடாக மதிப்பிடப்படுகின்றன. ஆகவே முகத் தழும்பை மட்டும் காட்டாமல், மூட்டுகளின் இயக்கத்தையும் அளவிட்டுப் பதியுமாறு மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் முகமையாளரை மருத்துவமனையிலேயே அணுகலாம்.

தீக்காயம் ஆறிய பின்னும் உறக்கத்தில் அலறி எழுதல், புகை வாடை பட்டால் உடல் நடுங்குதல், உடன் வந்தவர் இறக்க நான் மட்டும் பிழைத்தேனே என்ற குற்றவுணர்வு ஆகியன தொடரக்கூடும். இவை சிகிச்சைக்குரியவை. "நடந்ததை மறந்துவிடு" என்று கூறுவது உதவாது. டெலிமானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உடனிருந்து பார்த்துக்கொண்ட உங்களுக்கும் அது உரியது.

மீண்டும் மலைக்குச் செல்லலாமா என்று பிழைத்தவர்கள் கேட்பது உண்டு. செல்லலாம். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி இல்லாததால், பெரும்பரப்பில் எரிந்தவருக்கு வெயிலில் உடல் வெப்பம் விரைவில் ஏறும். குளிர்ந்த மாதங்களில், அடிக்கடி நீர் அருந்தி, தழும்பை வெயில் படாமல் மூடிக்கொண்டு செல்ல வேண்டும். குரங்கணிக்குப் பின் 2018-இலேயே மலையேற்றத்திற்கான ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 பாதைகள் இணையவழி முன்பதிவுடனும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடனும் திறக்கப்பட்டன. காட்டுத்தீக் காலத்தில் அவை மூடப்படுகின்றன. அழைத்துச்செல்பவரிடம் வனத்துறையின் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் எழுதியுள்ள பாதையும் நீங்கள் நடக்கப்போகும் பாதையும் ஒன்றா என்றும் பாருங்கள்.